தேர் நடை

"தேர் வந்துருச்சு" என்று லைனின் முதல் மிஷினில் உட்கார்ந்திருக்கும் கோகிலா சொன்னது, அவளுக்கு அடுத்தவளின் முணுமுணுப்பாக, அதற்கும் அடுத்தவளின் இருமலாக என்னிடம் வந்து சேர்ந்தபோது நான் தலையை நிமிர்த்தவில்லை. நிமிர்த்தக் கூடாது. நிமிர்த்தினால் எங்களுக்கு முன்கூட்டியே தெரியும் என்பது அவனுக்குத் தெரிந்துவிடும். நவநீதன் என்று பெயர், ஈரோட்டில் காலேஜ் முடித்துவிட்டு நேராக எங்கள் பனியன் கம்பெனிக்கு வந்தவன், கழுத்தில் அட்டை, கையில் ஸ்டாப்வாட்ச். புது மாடல் துணி லைனுக்கு வருகிற அன்று யாராவது ஒருத்தியின் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பான், அவள் ஒரு பீஸ் தைக்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறாள் என்று பார்ப்பான், பார்த்துவிட்டுப் போய் ஏதோ கூட்டிக் கழித்து, மணிக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட் போட்டுக் கொடுத்துவிடுவான். அவ்வளவுதான் அவன் வேலை. அந்த மாடல் முடிந்து பெட்டியில் ஏறுகிற வரைக்கும் லைனில் இருக்கிற அத்தனை பேரும் அந்த எண்ணைப் பிடிக்க ஓடுவது எங்கள் வேலை. அதனால் அவன் வந்தால் நாங்கள் தேர் ஆகிவிடுவோம். அசைய வேண்டும், ஆனால் நகர்ந்த மாதிரி இருக்கக் கூடாது. இதற்குத் தேர் நடை என்று பெயர் வைத்தது நாகரத்தினம் அக்கா. புதிதாக வருகிற பெண்களுக்கு மிஷினில் நூல் கோர்க்கச் சொல்லித் தருகிறோமோ இல்லையோ, இதைச் சொல்லித் தந்துவிடுவோம். இன்றைக்கு யார் பின்னால் நிற்கப் போகிறானோ என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஷாம்பு வாசனை வந்தது, என் மேல் ஒரு நிழல் விழுந்தது. "அக்கா, நீங்க பாட்டுக்குத் தைங்க, நான் சும்மா நிக்கறேன்" என்றான். சும்மா நிற்கிறானாம். சரி தம்பி, நானும் சும்மா தைக்கிறேன்.

சின்னக் குழந்தைகள் போடுகிற டீ சர்ட், மஞ்சள் துணி. நான் ஓவர்லாக் மிஷினில் சட்டைக்குக் கை ஏற்றுகிறவள். தோள்பட்டை மூட்டி என்னிடம் வரும், நான் இரண்டு பக்கமும் கை வைத்துத் தைத்துத் தள்ளினால் அடுத்த மிஷினில் இருக்கும் நாகரத்தினம் அக்காவின் முன்னால் போய் விழும், அவள் பக்கவாட்டை மூட்டி அடுத்தவளுக்குத் தள்ளுவாள். கைத்துணியை எடு. உதறு. நீவி விடு, நீவத் தேவையில்லை, இருந்தாலும் நீவு. வளைவோடு வளைவைச் சேர்த்துப் பிடி. ஊசிக்குக் கீழே கொடு. மிதி. பாதி வழியில் நிறுத்து, துணி சுருங்கியிருக்கிறதா என்று பார், சுருங்கியிருக்காது, பார். மறுபடி மிதி. நூலை மிஷினே வெட்டிவிட்டது, ஆனாலும் கத்தரியை எடுத்து ஒரு தரம் வெட்டுகிற மாதிரி செய். முகத்தைத் துடைத்துக்கொள். இதெல்லாம் ஏமாற்று வேலை என்று ஒரு காலத்தில் எனக்கு உறுத்தும். அப்புறம் தெரிந்தது, மனுஷி மனுஷியாக இருந்துகொண்டு தைத்தால் இந்த வேகத்தில்தான் தைப்பாள், மற்ற நேரத்தில் நாங்கள் தைப்பதுதான் ஏமாற்று வேலை, எங்கள் உடம்பை நாங்களே ஏமாற்றுவது. ஆனால் மெதுவாகத் தைப்பதைப் போலக் கஷ்டம் எதுவும் இல்லை. இத்தனை வருஷம் ஓடிப் பழகிய கை. அதன் போக்கில் விட்டால் கண்ணை மூடிக்கொண்டு ஓடும். "நெனப்பக் கையிலேயே வெச்சிரு, நெனப்பு அங்கிட்டுப் போச்சுன்னா கை ஓடிப்போகும்" என்று நாகரத்தினம் அக்கா சொல்வாள், அவள் வேடசந்தூர்ப் பக்கத்துக்காரி, எதையும் அடித்துச் சொல்கிற வாய். நினைப்பைக் கையில் வைப்பது எப்படி. நினைப்பு என்ன தீப்பெட்டியா, உள்ளங்கையில் வைத்து மூடிக்கொள்ள.

நான் கண்டுபிடித்த வழி ஒன்று இருக்கிறது. எங்கே வலிக்கிறதோ அங்கே போய் நிற்பது. வலியைப் பிடித்துக்கொண்டால் நினைப்பு உடம்பை விட்டு நகராது. வலிக்கு என்னிடம் பஞ்சமில்லை. வலது தோளில் ஆரம்பிக்கிறேன், அங்கே யாரோ கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இருக்கிறார்கள், அது கழுத்தில் ஏறிக் காதுக்குப் பின்னால் முடிகிறது. அங்கிருந்து முழங்கை. அப்புறம் விரல்கள், இங்கே வலி இல்லை, வலி இல்லாததுதான் பயமாக இருக்கிறது. பெருவிரலும் அதற்கடுத்த இரண்டும் மரத்துப்போய் நாளாகிவிட்டது. காலையில் டீ டம்ளரைப் பிடித்தேன், சூடே தெரியவில்லை, உதட்டில் பட்ட பிறகுதான் சுட்டது. இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் டாக்டர் கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கைக்கு ஓய்வு கொடும்மா என்றார். கொடுக்கலாம் சார், அது வரைக்கும் மாட்டிக்கொள்ள வேறு ஒரு கை கொடுங்கள் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது, அவர் பார்த்த பார்வையில் விழுங்கிவிட்டேன். பீஸ் ஒன்று போனது. இன்னொன்றை எடுக்கிறேன். உதறுகிறேன். நீவுகிறேன். அடிவயிறு கனக்கிறது, காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை, குடித்தால் எழுந்து போக வேண்டும், எழுந்து போனால் துணி குவியும், அதனால் குடிப்பதில்லை, குடிக்காததால் எரிகிறது, எரிவதால் இன்னும் குடிப்பதில்லை. மூக்குக்குள் பஞ்சு. சிவப்புத் துணி ஓடுகிற நாளில் சிந்தினால் சிவப்பாக வரும், முதல் தடவை பார்த்தபோது ரத்தம் என்று பயந்து போனேன். இன்றைக்கு மஞ்சளாக வரும். கால். வலது கால் மிதித்து மிதித்து இடது காலைவிடத் தடித்துவிட்டது. "அம்மா, தூங்கும்போதும் உங் காலு ஆடுதும்மா" என்று சுபிக்ஷா சொன்னாள். பத்தாவது படிக்கிறாள் என் பெண், என் பக்கத்தில் படுக்கிறவள், சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். என்னடி ஆடுது என்றேன். "மிதிக்கற. நிறுத்தற. மறுக்கா மிதிக்கற. தூக்கத்துல யாருக்கும்மா தைக்கற?" என்று கேட்டுவிட்டு என் காலைத் தன் இரண்டு காலுக்கும் நடுவில் பிடித்து வைத்துக்கொண்டு தூங்கிப்போனாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. கால் ஆடிவிடக் கூடாது என்று விழித்துக்கொண்டே கிடந்தேன்.

பார்த்தாயா, அங்கே போய்விட்டேன். திரும்பி வா. கத்தரியை எடு. வெட்டு. துடைத்துக்கொள். நாகரத்தினம் அக்காவை ஓரக்கண்ணால் பார்க்கிறேன். அவளும் தேர் நடைதான், ஆனால் அவள் நடை நடிப்பு இல்லை. கார்த்திகையில் அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். எத்தனையோ மாதமாக உதிரம் போய்க்கொண்டிருந்ததை யாரிடமும் சொல்லாமல் கறுப்புப் பாவாடை கட்டிக்கொண்டு வந்தவள், ஒரு நாள் மிஷின்மேலேயே சாய்ந்துவிட்டாள். பனிக்காலம் முடிகிற வரைக்கும் படுத்திருக்கச் சொன்னார்கள், அவள் பொங்கலுக்கே வந்துவிட்டாள். அவள் புருஷன் படுத்த படுக்கை, அவள் வந்தால்தான் அடுப்பு எரியும், யார் என்ன சொல்ல முடியும். முதல் நாள் அவள் ஸ்டூலில் உட்கார்ந்த விதத்தைப் பார்த்து நான் பல்லைக் கடித்துக்கொண்டேன், ஒரு கையால் அடிவயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, சொந்தக்காரர் வீட்டில் விலை உயர்ந்த நாற்காலியில் உட்காருகிறவள் மாதிரி கூச்சத்தோடு உட்கார்ந்தாள். போன மாடலுக்கே அவளால் டார்கெட் முடியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் பாதி தின்றுவிட்டு ஓடி வந்து தைப்பாள், நான் என்னுடையதை முடித்துவிட்டு அவளுடையதில் கொஞ்சம் இழுத்துத் தைத்துக் கொடுப்பேன், அதைச் சூப்பர்வைசர் பழனியப்பண்ணன் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். ஆனால் இந்த மாடலிலும் முடியவில்லை என்றால் மிஷினைவிட்டு எழுப்பிச் செக்கிங் மேஜைக்கு அனுப்பிவிடுவதாக மேலே பேச்சு. செக்கிங் என்றால் நாள் முழுக்க நின்றுகொண்டே பார்க்கிற வேலை. இன்று காலையில் கம்பெனி வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கலாமணி, இன்னக்கி ஒம் பின்னாடி வந்து நின்னான்னா பாத்துக்கடி. என்னைய நிக்க வெச்சிட்டாங்கென்னா என்னால ஆகாது. கொஞ்ச நேரம் நின்னாலே உள்ள இருக்கறதெல்லாம் உருவிக்கிட்டு விழுகற மாதிரி இருக்கு" என்றாள். அவள் யாரிடமும் எதையும் கேட்கிறவள் இல்லை. "போக்கா, நான் பாத்துக்கறேன். தேரு நெலையவுட்டே கெளம்பாது பாருங்க" என்றேன். அவள் சிரித்தாள், சிரிக்கும்போதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

அதனால் எடு, உதறு, நீவு. பின்னால் அவன் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நிற்கிறான், செருப்பு உராய்கிற சத்தம் கேட்கிறது. பாவம், நல்ல பையன்தான். வந்த புதிதில் எங்கள் யாரையும் நிமிர்ந்து பார்க்கக்கூட வெட்கப்படுவான். அவன் பிறந்த நாளுக்கு லைன் முழுக்க மிட்டாய் கொடுத்தான், எங்கம்மாவும் பனியன் கம்பெனிலதான்க்கா இருந்தாங்க, நூல் பிசிறு வெட்டித்தான் என்னப் படிக்க வெச்சாங்க என்றான். உன் அம்மா பிசிறு வெட்டினாள், நீ எங்களை வெட்டுகிறாயா என்று கேட்கத் தோன்றியது, அதுவும் வாயோடு நின்றுவிட்டது, மிட்டாய் வாய்க்குள் இருந்தது. ஒருவேளை அவனுக்குத் தேர் நடை தெரியுமோ. அம்மா சொல்லியிருப்பாளோ. தெரிந்துகொண்டுதான் இவ்வளவு நேரம் நிற்கிறானோ, மற்ற நாளில் சீக்கிரம் போய்விடுவானே. ஊசி ஏறி இறங்குகிறது. அயர்ன் மேஜைப் பக்கமிருந்து நீராவிச் சூடு அலையலையாக வருகிறது. மேலே ஸ்பீக்கரில் பாட்டு, ஒருத்தன் காதலிக்காக உருகிக்கொண்டிருக்கிறான், உருகட்டும். துணி மஞ்சள். பூசணிப்பூ மஞ்சளும் இல்லை, எலுமிச்சையும் இல்லை, வெளுத்த மஞ்சள். இந்த மஞ்சளை நான் பார்த்திருக்கிறேன். வேண்டாம். தோளுக்குப் போ. தோள் வலிக்கிறது, கழுத்து வலிக்கிறது, காதுக்குப் பின்னால் வலிக்கிறது. இதே மஞ்சள்தான். பார்க்காதே. தைக்கிற துணியைப் பார்க்காமல் எப்படித் தைப்பது.

அன்றைக்கும் மஞ்சள். நெஞ்சில் வாத்துப் படம் போட்ட மஞ்சள் சட்டை, வெளியே கன்டெய்னர் லாரி வந்து நின்றுகொண்டிருந்தது, அன்றைக்கே ஏற்றியாக வேண்டும் என்று மேலிருந்து கீழ் வரைக்கும் எல்லோருக்கும் காலில் சுடுதண்ணீர் ஊற்றின மாதிரி பரபரப்பு. மதியச் சாப்பாடு முடிந்து உட்கார்ந்ததும் நான் ஒரு சட்டையை எடுத்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு வாத்து மாதிரி கத்தினேன். லைனே சிரித்தது. பழனியப்பண்ணன்கூடச் சிரித்த மாதிரிதான் இருந்தது, இப்போது நினைத்துப் பார்த்தால் அது சிரிப்பு இல்லை, அவர் என்னைப் பார்த்துவிட்டுச் சட்டென்று திரும்பிக்கொண்டார். அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் மூலனூரிலிருந்து என் தம்பி கேட்டுக்குப் போன் செய்திருந்தான். எங்கள் போனெல்லாம் கேட்டில் வாங்கி வைத்துவிடுவார்கள், அவசரம் என்றால் வாட்ச்மேன் எடுத்து சூப்பர்வைசரிடம் சொல்லுவார், சூப்பர்வைசர் எங்களிடம் சொல்லுவார். அம்மா போயிருச்சு, அக்காவ அனுப்பி வைங்க என்று தம்பி சொன்னது பழனியப்பண்ணன் காது வரைக்கும் வந்து அங்கேயே நின்றுவிட்டது. கை ஏற்றுகிறவள் எழுந்து போனால் லைன் நிற்கும், லைன் நின்றால் லாரி நிற்கும். நான் சாயங்காலம் வரைக்கும் தைத்தேன். சிரித்துக்கொண்டு தைத்தேன், பாட்டுக்குக் கூடவே பாடிக்கொண்டு தைத்தேன், சுபிக்ஷாவுக்குத் தோசை மாவு இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டு தைத்தேன், அம்மா செத்துக் கிடந்தாள். கடைசிப் பெட்டி ஏறின பிறகு அவர் என் பக்கத்தில் வந்து, "அம்மாளுக்கு மேலுக்குச் சொகமில்லையாமா கண்ணு, நீ கெளம்பு" என்றார். சுகமில்லை என்றுதான் சொன்னார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டே போனேன். போய் இறங்கினால் வாசல் கழுவியிருந்தது. பந்தலில் வாடகை நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று எடுத்துவிட்டார்கள். "எத்தன நேரந்தான்க்கா வெக்கிறது" என்று தம்பி என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதான், அவன் மேல் என்ன தப்பு. பழனியப்பண்ணன் மறுநாள் மாலை வாங்கிக்கொண்டு அத்தனை தூரம் வந்தார், மாலை போடுவதற்கு யாரும் இல்லை, கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார், அவர் மேல் கோபப்படலாம் என்று பார்த்தேன், அவருக்கும் மேலே ஒருவர், அவருக்கும் மேலே ஒருவர், கோபம் ஏறி ஏறிப் போய் எங்கேயும் உட்காரவில்லை. அம்மாவின் முகம் கடைசியாக எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. கண் மூடியிருந்ததா, லேசாகத் திறந்திருந்ததா, வாயைக் கட்டியிருந்தார்களா. பார்த்தவர்கள் சொன்னார்கள். சொல்வதைக் கேட்டு முகத்தைப் பார்க்க முடியாது.

சொல்லியிருந்தால். எத்தனையோ தடவை இதை நினைத்துப் பார்த்துவிட்டேன், சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று. சாப்பாடு முடிந்து உட்காருகிறேன், வாத்துச் சட்டையை இன்னும் எடுக்கவில்லை, பழனியப்பண்ணன் என் பக்கத்தில் வந்து குனிகிறார், கண்ணு, அம்மா போயிருச்சாம் என்கிறார். நான் என்ன செய்கிறேன் தெரியுமா, எழுந்து ஓடவில்லை, எத்தனை தடவை நினைத்தாலும் எழுந்து ஓட மாட்டேன் என்கிறேன், இந்த பண்டல முடிச்சுட்டுப் போயர்றனுங்க அண்ணா என்கிறேன், நினைப்பில்கூட எனக்குப் பாதியில் எழுந்து போகத் தெரியவில்லை, முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும், முடித்தால் விட்டுவிடுவார்கள், முடித்துவிட்டால் மதிய பஸ்ஸைப் பிடித்துவிடலாம், வெயில் இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிடலாம், எடு, கொடு, மிதி, அடுத்தது, எடு கொடு மிதி, உதற வேண்டாம் நீவ வேண்டாம், வளைவு தானாகச் சேர்கிறது, இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது, பண்டலின் அடி தெரிகிறது, தாராபுரம் தாண்டிவிட்டது, சாலையோரம் காற்றாடிகள் சுற்றுகின்றன, இன்னொன்று, இன்னொன்று, ஊர் முக்கில் இறங்கி நடக்கவில்லை ஓடுகிறேன், பறை கேட்கிறது, பறை கேட்டால் இன்னும் எடுக்கவில்லை என்று அர்த்தம், இன்னொன்று, வாசலில் யாரோ இருமுகிறார், பெரியப்பாவாக இருக்கும், விடாமல் இருமுகிறார், ஏதோ பாத்திரம் கீழே விழுந்து உருளுகிறது, தண்ணீர்க் குடமாக இருக்கும், விழட்டும், வழி விடுங்க வழி விடுங்க, பந்தலுக்குக் கீழே கட்டில், கட்டிலில் அம்மாவின் கால், கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள், கால்தான் முதலில் தெரிகிறது, மஞ்சள் பூசியிருக்கிறார்கள், இன்னொன்று, இதுதான் கடைசி, புடவை, கை, கழுத்து, பெண்கள் விலகுகிறார்கள், நான் குனிகிறேன்.

"சூப்பர்க்கா!"

பண்டல் காலி. மேஜையில் துணி இல்லை. என் கை காற்றில் எதையோ எடுக்கப் போய் நிற்கிறது. முகமெல்லாம் ஈரம், வியர்வையா என்று பார்த்தால் இல்லை. நாகரத்தினம் அக்காவின் முன்னால் மஞ்சளாக ஒரு குவியல், அவள் மார்பு உயரத்துக்கு, அதற்கு அந்தப் பக்கம் அவள் தலை மட்டும் தெரிகிறது. அவளுடைய கத்தரி கீழே என் காலடியில் கிடக்கிறது. எனக்காக அவள் கீழே போட்டது. எனக்காக இருமியது. அவன் பின்னால் நிற்கும்போது அவளால் வேறு என்ன செய்திருக்க முடியும்.

"தம்பி," என்று எழுந்துவிட்டேன். "தம்பி, அதச் சேத்தாதீங்க. ஏதோ நெனப்புல தச்சுப்போட்டேன். மொதல்ல தச்சன்ல, அத எடுத்துக்குங்க சாமி."

அவன் ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே, "மொதல்ல தச்சது நீங்க யோசிச்சு யோசிச்சுத் தச்சதுக்கா. அது கணக்கே இல்ல. நாங்க நிக்கறதே தைக்கறவங்களுக்கு மறந்து போகணும், அப்ப வர்றதுதான் உண்மையான வேகம்னு எங்களுக்குப் பாடமே இருக்குது" என்றான். கிண்டல் இல்லை, குத்தல் இல்லை, வாத்தியாரிடம் படித்ததை ஒப்பிக்கிற முகம்.

"நான் இங்கயே இல்லைங்க தம்பி."

"அதுதான்க்கா வேணும்," என்றான். என் முகத்தைப் பார்த்தான், ஈரம் கண்ணில் பட்டிருக்க வேண்டும், கொஞ்சம் தடுமாறினான். "தூசியாக்கா? கண்ணக் கழுவிட்டு வேணா வாங்க." ஏதாவது சொல்ல வேண்டும் என்று நாக்கு புரண்டது. அம்மா செத்துப்போச்சு என்று சொல்லலாமா, எப்போது என்று கேட்பான், வருஷக்கணக்காகிறது என்று சொன்னால் சிரிக்க மாட்டான், நல்ல பையன், ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டு அந்த எண்ணைத்தான் எழுதுவான். அந்த அக்காவால் முடியாதுங்க என்று நாகரத்தினம் அக்காவைக் கைகாட்டலாமா. கைகாட்டினால் இப்போதே எழுப்பிவிடுவார்கள். எந்தப் பக்கம் வாயைத் திறந்தாலும் அவள்தான் விழுவாள். அவன் போய்விட்டான். பழனியப்பண்ணன் கரும்பலகைக்குப் பக்கத்தில் அவனோடு தலையைச் சேர்த்துப் பேசினார், பழைய எண்ணைத் துணியால் அழித்தார், புது எண்ணை எழுதினார், எழுதிவிட்டு அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் லைனைப் பார்த்துக் கையைத் தட்டினார். "எல்லாரும் பாத்துக்குங்க. முடியாது முடியாதுன்னீங்க, நம்ம கலாமணி முடிச்சுக் காட்டிப்போட்டா. எல்லாரும் கலாமணிக்கு ஒருக்கா கையத் தட்டுங்க" என்றார். யாரும் தட்டவில்லை. யாரும் திட்டவும் இல்லை. கோகிலா மட்டும் கழுத்தைத் திருப்பிப் பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்பிக்கொண்டாள். திட்டியிருக்கலாம். மண்டையில் அடித்தாற்போல் நாலு வார்த்தை யாராவது சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், கத்தினால் நெஞ்சில் அடைத்துக்கொண்டு நிற்கிற இது கொஞ்சம் இறங்கியிருக்கும். மிஷின்கள் ஒவ்வொன்றாக ஓட ஆரம்பித்தன. மழை பிடிக்கிற மாதிரி சத்தம் ஏறியது. எல்லோரும் அந்த எண்ணுக்குப் பின்னால் ஓட ஆரம்பித்துவிட்டார்கள்.

எனக்குப் புது பண்டல் வந்து விழுந்தது. நான் குனிந்து கத்தரியை எடுத்து நாகரத்தினம் அக்காவிடம் நீட்டினேன். அவள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. என்ன சொல்வாள், பாத்துக்கறேன்னியேடி என்பாளா, அதைச் சொன்னால் நான் செத்துப்போவேன், சொல்லாவிட்டாலும்தான். கத்தரியை வாங்கிக்கொண்டாள். அவள் விரல் என் விரலில் பட்டது, பட்டதைப் பார்த்தேன், விரலுக்குத் தெரியவில்லை. குவியலிலிருந்து ஒரு கை அள்ளித் தன் மடிப்பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, ஊசியைப் பார்த்தபடியே, மிஷின் சத்தத்துக்கு நடுவில் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "ஆத்தா நெனப்பா?" என்றாள்.

தலையை ஆட்டினேன்.

"இந்த வாட்டியாச்சும் மொகத்தப் பாத்தியா?"

"இல்லக்கா," என்றேன். "குனியறப்ப எழுப்பிப்போட்டான்."

அவள் பக்கவாட்டைச் சேர்த்துப் பிடித்து ஊசிக்குக் கீழே கொடுத்து மிதித்தாள். வேகமாக மிதித்தாள். அந்த வேகம் அவள் தோளில் ஏறி, கழுத்தில் நரம்பாகத் தெறித்து, கீழ் உதட்டைப் பல்லுக்குள் இழுத்துக்கொண்டது. ஒன்று முடித்தாள், அடுத்ததை இழுத்தாள், மூன்றாவதை இழுக்கும்போது இடது கை தன்னால் அடிவயிற்றுக்குப் போனது, போன கையைத் திட்டுகிற மாதிரி திரும்பவும் துணிக்குக் கொண்டுவந்தாள். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் தைக்காமல் இருந்தால் அவள் முன்னால் இருக்கிற குவியல் குறையும். நான் தைக்காமல் இருந்தால் போதும். கொஞ்ச நேரம், அவள் மூச்சு வாங்கிக்கொள்கிற வரைக்கும். பலகைப் பக்கமிருந்து பழனியப்பண்ணன் எங்கள் வரிசையைப் பார்த்து நடந்து வர ஆரம்பித்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை. குவியலைப் பார்த்தார், குவியலுக்குப் பின்னால் இருந்த தலையைப் பார்த்தார்.

"உக்காந்திருக்காதடி," என்றாள் நாகரத்தினம் அக்கா, தலையைத் தூக்காமல். "நீ நிறுத்துனா என்னையத்தான் கேப்பாரு, இவளாலதான் லைனு நிக்குதுன்னு. தைய்யி. வெரசாத் தைய்யி."

நான் கையை எடுத்தேன். துணியை ஊசிக்குக் கீழே கொடுத்தேன். மிதித்தேன். தைத்ததை அவள் முன்னால் தள்ளினேன்.